எந்தத் துரை

ஆன்சன் சாலைப் பதிவிலாகாவில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண்
மைகாட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி மைகாட்டை.
இளவழுதி ஆக்ராய்ட்.
நடுவில் ஒரு ஏ/எல் கூட இல்லை.

தமிழர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்.
கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் ஒருமுறை
அக்கராயுடு என்று எழுதிவிட்டு
"தெலுங்கா நீங்க?" என்றார்.
ஆமாம் என்றேன். பின்னால் வரிசை நீளம்.

போன மாதம் யார்க்‌ஷயரிலிருந்து ஒரு கடிதம்.
ஹிலரி ஆக்ராய்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
உலகத்து ஆக்ராய்டுகளையெல்லாம்
ஒரே தாளில் கிளைகிளையாக வரைகிறாளாம்.
கனடாவில் நாற்பது பேர்,
நியூசிலாந்தில் குதிரை வளர்க்கிற ஒருவர்.
பினாங்கில் நான் மட்டும்
எந்தக் கிளையிலும் ஒட்டாமல்
ஓரத்தில் பென்சிலில் இருக்கிறேன்.
கூடவே எச்சில் துப்பி அனுப்ப ஒரு சின்னக் குழாய்.

பொருளும் எழுதியிருந்தாள்.
ஆக் என்றால் அவர்கள் ஊர் நாக்கில் ஓக் மரம்.
ராய்ட் என்றால் மரங்களை வெட்டித் திருத்திய நிலம்.
எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ
கோடரியோடு சரிவில் ஏறி
வெட்டிய இடத்திலேயே குடிசை போட்டான்.
இடத்தின் பெயர் அவன் மேல் ஏறிக்கொண்டது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
நம்மிடம் இதற்கு ஒரே சொல்:
காடுவெட்டி.

என் பெயர் வந்த வழி வேறு.
செபராங் பிறை, பதினொன்றாம் வருஷம்.
ரப்பருக்காகக் காட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள்.
ஆக்ராய்ட் தோட்டத்தை ஆட்கள்
அக்கரைத் தோட்டம் என்றார்கள்;
துரையைச் சொன்னார்களா, கடலைச் சொன்னார்களா,
கேட்க ஆளில்லை.
பிறப்பு எழுத வந்தவனுக்கு
தமிழில் ஏழெட்டுச் சொல்தான் தெரியும்.
பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றாள் வீராயி.
"அப்பன் பேரு?"
புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம்
அவள் பிறந்த பக்கம் இல்லை.
தரையைப் பார்த்தாள்.
கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.
பின்னால் நின்றவன் பொறுக்காமல் எடுத்துக்கொடுத்தான்:
"துரைக்கண்ணு."
முதல் பாதி போதுமாயிருந்தது,
அந்த ஏழெட்டில் அது ஒன்று.
எந்தத் துரை என்று கேட்கவில்லை.
தோட்டத்தில் ஒரே துரைதானே.

துரைக்கண்ணு அப்போது
மேட்டுக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.
தாளில் தனக்குப் பிள்ளை இல்லாமல் போனது
சாகிறவரை அவனுக்குத் தெரியாது.
பிறகு தாளைப் பார்த்துத் தாள் எழுதினார்கள்:
பள்ளிக்கூடம்,
ஜப்பான்காரன் காலத்து அரிசிச் சீட்டு,
நீல ஐசி.
வெற்றிலை போட்ட வாய்கள் வேறொன்று எழுதின,
பிள்ளை கொஞ்சம் சிவப்பு என்பதை வைத்து.
வீராயி அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை என்பார்கள்.
கொடுத்திருப்பாள்.

குழாய் மூன்று வாரமாகக் குளிர்பெட்டி மேல் கிடக்கிறது.
துப்பினால் தெரிந்துவிடும்.
"ஒண்ணு துப்புங்க, இல்ல வீசுங்க,
தூசி துடைக்கணும்" என்கிறாள் நிறைமொழி.

இன்று வந்தது
ஆக்ராய்டை அடித்துவிட்டுத் துரைக்கண்ணு என்று போட.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
துரை ஒரு மரத்தையும் வெட்டவில்லை.
வெள்ளைத் தொப்பியோடு நிழலில் நின்றிருப்பான்.
வெட்டியவன் மற்றவன்.
பொருளைப் பார்த்தால்
பெயர் சரியான ஆள் மேல்தான் ஏறியிருக்கிறது,
தப்பான வழியாக.

மாற்றணுமா வேண்டாமா, என்றாள் மலாயில்.
ஓரம் உடைந்திருக்கிறது,
புது அட்டை மட்டும் போதும் என்றேன்.
பத்து வெள்ளி.
ஹிலரிக்கு இன்னும் பதில் போடவில்லை,
பென்சிலிலேயே இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாதென்றாள்.
முயன்றேன்.